ஸ்ரீரங்கத்துச் சுவரும் பி.எட். வகுப்பும்

திருச்சி, ஸ்ரீரங்கம் பெரியவர்களுக்கும், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோருக்கும், என்னைப் போல வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கும் சிங்கப்பூரிலிருந்து ஒரு மடல்.

ஊரைவிட்டு வந்தவர்கள் ஊருக்கென்று கொடுக்கும் பணம் கோயில் திருப்பணிக்கும், அன்னதானத்துக்கும், படித்த கல்லூரியின் புதுக் கட்டடத்துக்கும் போகிறது. பொறியியலும் மருத்துவமும் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறவர்களும் உண்டு. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பி.ஏ. வரலாறு முடித்து, பி.எட். சேர்ந்து, நாளை சமூக அறிவியல் ஆசிரியராக வரப்போகும் பெண்ணை நாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு என்று அதைத் தள்ளிவைத்துவிட்டோம். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் பயிற்சிதான் நம் ஊரில் இன்று அவசரமாகக் கவனிக்க வேண்டியது என்று சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

அவள் எதற்குத் தயாராகிறாள் என்று பாருங்கள். வேலையில் சேர்ந்தால் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் அவளே நடத்தவேண்டும். 2015-16 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது; அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி. பிறகு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு. இரண்டாம் தாளில் 150 கேள்விகள், சமூக அறிவியல் எடுத்தவர்களுக்கு அதில் 60. எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஆண்டும் பெயரும் நினைவில் இருந்தால் கரையேறிவிடலாம். ஒரு கல்வெட்டையோ பழைய கடிதத்தையோ கையில் கொடுத்து, இதை எழுதியது யார், யாரை மனத்தில் வைத்து எழுதினார், இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்க அந்தத் தேர்வில் இடமே இல்லை. தேர்வு கேட்காததைப் பயிற்சியும் நாளடைவில் விட்டுவிடும். வரலாறு என்ற படிப்பின் உயிரே அந்த மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது.

வேறு ஊரில் இருந்தால் இதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். திருச்சியில் இருந்துகொண்டு சொல்லமுடியாது. 1801 ஜூன் மாதம் ஆங்கிலேயரை எதிர்க்க அழைத்துச் சின்னமருது வெளியிட்ட அறிக்கை பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு பிரதி திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனைச் சுவரில் ஒட்டப்பட்டது, இன்னொன்று ஸ்ரீரங்கம் கோயில் சுவரில். சிவகங்கைச் சீமைக்காரர் தம் அறிக்கையை ஒட்ட இந்த இரண்டு இடங்களை ஏன் தேர்ந்தெடுத்தார்? கோட்டைச் சுவரில் ஒட்டினால் நவாபின் ஆட்களும் கம்பெனியின் சிப்பாய்களும் படிப்பார்கள். கோயில் சுவரில் ஒட்டினால் நாலா ஊரிலிருந்தும் வரும் யாத்திரிகர்கள் செய்தியைச் சுமந்துபோவார்கள். எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் சேர்த்தே அந்த அறிக்கை ஏன் அழைக்கிறது? பதினான்கு வயதுப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் பேசவைக்கக்கூடிய கேள்விகள் இவை. பேசவைக்கத் தெரிந்த ஆசிரியர் இல்லையென்றால், ஸ்ரீரங்கத்துப் பள்ளியிலும் அது இரண்டு மதிப்பெண் விடையாகவே முடியும்.

இன்னும் கடினமான ஒன்றை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பயிற்சியின் தேவை அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. பதினான்காம் நூற்றாண்டில் தில்லிப் படைகள் ஸ்ரீரங்கத்தைத் தாக்கியதைப் பற்றிக் கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு என்ற நூல் விரிவாகச் சொல்கிறது. பன்னீராயிரம் பேர் தலை கொடுத்தார்கள் என்ற கணக்கு வைணவ மரபில் நிலைத்துவிட்டது. இன்று அது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒரு மாணவன் வகுப்பில் எழுந்து அதைக் கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? பயிற்சி இல்லாதவர் ஒன்று அப்படியே ஆமோதிப்பார், இல்லையென்றால் அதெல்லாம் வேண்டாம், உட்கார் என்பார். இரண்டுமே அந்தப் பையனை வாட்ஸ்அப்பிடமே திருப்பி அனுப்பும். பயிற்சி பெற்றவருக்கு வேறு வழி உண்டு. கோயிலின் உட்சுவரில் சக ஆண்டு 1293, அதாவது 1371-72 வாக்கில் பொறிக்கப்பட்ட வடமொழிச் சுலோகங்கள் இருக்கின்றன. திருமலையிலிருந்து பெருமாளைக் கொண்டுவந்து, செஞ்சியில் சில காலம் வைத்து ஆராதித்து, துருக்கரை வென்று, ஸ்ரீரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தவர் விஜயநகரப் படைத்தலைவர் கோபணர் என்று அவை சொல்கின்றன. ஆக, பெருமாள் ஊரைவிட்டுப் போனதற்கும் திரும்பி வந்ததற்கும் கல்லே சாட்சி. பன்னீராயிரம் என்ற எண்ணுக்குச் சாட்சி ஒழுகு. அதுவோ தலைமுறை தலைமுறையாகப் பலர் கைப்பட வளர்ந்த நூல். முதலாவதை உறுதியாகச் சொல்லலாம். இரண்டாவதை மரபு சொல்கிறது என்று சொல்லலாம். வரலாற்றாய்வாளர் வி. என். ஹரிராவ் போன்றோர் கோயிலொழுகைக் கல்வெட்டுகளோடு வைத்துப் பார்த்துச் செய்த வேலை இதுதான். யாருடைய துயரத்தையும் மறைக்காமல், இன்று பக்கத்து பெஞ்சில் இருக்கும் பிள்ளையை அதற்குப் பொறுப்பாக்காமல், இப்படி நடத்தமுடியும். உள்ளூர் வரலாற்றைப் பள்ளிக்குள் விட்டால் சாதியும் மதமும் பின்னாலேயே வரும் என்று அஞ்சுகிறவர்களுக்கு என் பதிலும் இதுவே. அவை ஏற்கனவே பிள்ளைகளின் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. ஆதாரத்தைத் தராதரம் பிரிக்கத் தெரிந்த ஒருவர் வகுப்பில் நிற்கவேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்பார்கள் ஆசிரியர்கள். பத்தாம் வகுப்பில் அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆறிலிருந்து ஒன்பது வரை பொதுத்தேர்வு இல்லை. அந்த நான்கு ஆண்டுகளில் பருவத்துக்கு ஒரு பாடத்தை இப்படி நடத்தினால்கூடப் போதும். வேலை எங்கே இருக்கிறது என்பது பெற்றோரின் கேள்வி, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அரசுப் பணி நியமனம் எப்போதாவது வருகிறது. தனியார் பள்ளிச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது கஷ்டம். வரலாறு படித்தால் போதும், வேலை தானாக வரும் என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் வேலை குறைவு என்பதற்காகப் பயிற்சியும் மட்டமாக இருக்கட்டும் என்று விடமுடியுமா? இருக்கும் இடங்களில் யார் போய் உட்காருகிறார்களோ, அவர்கள் ஒவ்வொருவரும் முப்பது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார்கள்.

நான் வாழும் சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக்கு ஒரே நிறுவனம், தேசியக் கல்விக் கழகம். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. பணக்கார நாடு, செய்கிறது என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் பணம் அதிகம் வேண்டாத ஒன்றையும் இவர்கள் செய்திருக்கிறார்கள். 1979-லிருந்து வாய்மொழி வரலாற்றுக்கென்று ஒரு பிரிவு வைத்து, துறைமுகத்துக் கூலிகள் முதல் அமைச்சர்கள் வரை பலருடைய நினைவுகளைப் பதிவுசெய்து காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். நம் பொன்மலையில் 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது, ஐந்து பேர் இறந்தார்கள். அதைப் பார்த்தவர்களிடம் கேட்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர்களுடைய பிள்ளைகளிடம் கேட்கும் காலம் இன்னும் இருக்கிறது. ஒரு பி.எட். மாணவி 20 வாரப் பயிற்சியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இதைச் செய்ய ஒரு கைப்பேசியும் ஒழுங்கான கேள்விப் பட்டியலும் போதும்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. வரலாறு முடித்து பி.எட். சேரும் பிள்ளைகளில் ஆண்டுக்குச் சிலருக்கு உதவித்தொகை. விடுமுறையில் கல்வெட்டு வாசிக்கப் பத்து நாள் பயிற்சி. திருச்சியில் இதற்கு ஆள் பஞ்சம் கிடையாது. கண் மருத்துவர் இரா. கலைக்கோவன் நடத்திவரும் இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம் பல்லாண்டுகளாகக் கோயில் கோயிலாகப் போய் ஆய்வுசெய்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி முழுவதும் ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள், அறுநூறுக்கும் மேல். அவற்றில் இருபதைப் பொறுக்கி, எளிய தமிழில் விளக்கம் எழுதி, வகுப்பில் பயன்படுத்தும் சிறு புத்தகமாகப் போடலாம். அதில் முதலாவதாக நான் வைக்க விரும்புவது 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு: பாழடைந்து கிடந்த கோயில் ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்பவர் சீர்செய்த செய்தி. ராஜாக்களும் போர்களும் மட்டுமே வரலாறு என்று நினைக்கும் பிள்ளைக்கு, கோயிலுக்குள் வைத்தியசாலை நடந்த கதை கண்ணைத் திறக்கும்.

பணம் கொடுக்கிற நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தூரத்தில் இருக்கும்போது ஊரின் பழம்பெருமை நமக்குப் பெரிதாகத் தெரியும். கொடுக்கும் பணத்துக்கு அந்தப் பெருமையைத்தான் நடத்தவேண்டும் என்று கேட்கவும் தோன்றும். கேட்கக்கூடாது. எந்தக் கல்வெட்டு, எந்தச் சம்பவம், எந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை என்பதைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறையும் பள்ளி ஆசிரியர்களும் கூடி முடிவுசெய்யட்டும். நமக்குப் பிடிக்காத விடை வந்தாலும், அடுத்த ஆண்டுக்கான பணத்தை நாம் ஒழுங்காக அனுப்பவேண்டும்.

அன்புடன்,
சிங்கப்பூர்வாழ் ஸ்ரீரங்கத்துக்காரன்