கோடு போட்டுத் தேர்தலில் ஜெயிக்கலாமா?

தேர்தலில் யார் ஜெயிப்பார்கள்? அதிக ஓட்டு வாங்கியவர்கள்தான். சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லும்.

ஆனால், அமெரிக்காவில் பென்சில்வேனியா என்ற மாநிலத்தில் 2012-ம் ஆண்டு நடந்த கூத்தே வேறு!

அமெரிக்க பார்லிமெண்டுக்கு "காங்கிரஸ்" என்று பெயர். அதில் இரண்டு சபைகள். ஒன்று, மக்கள் பிரதிநிதிகள் சபை. அதற்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். மொத்தம் 435 இடங்கள். 2012-ல் பென்சில்வேனியாவின் பங்கு 18.

போட்டி, ஜனநாயக கட்சிக்கும் குடியரசு கட்சிக்கும்தான். 18 தொகுதிகளிலும் சேர்த்து ஜனநாயக கட்சிக்கு சுமார் 27 லட்சத்து 93 ஆயிரம் ஓட்டுகள் விழுந்தன. குடியரசு கட்சிக்கு சுமார் 27 லட்சத்து 10 ஆயிரம்.

அதிக ஓட்டு வாங்கிய ஜனநாயக கட்சிக்கு எத்தனை இடம் கிடைத்தது? ஐந்தே ஐந்து! குடியரசு கட்சிக்கு 13.

கள்ள ஓட்டு இதற்குக் காரணம் அல்ல. பெட்டியை யாரும் மாற்றவும் இல்லை. ஓட்டுப்பதிவுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே வரைபடத்தில் வேலை முடிந்து விட்டது!

பேனா யார் கையில்?

அமெரிக்காவில் 10 ஆண்டுக்கு ஒரு முறை ஜனத்தொகைக் கணக்கு எடுப்பார்கள். அந்தக் கணக்குப்படி ஒரு மாநிலத்துக்கு இடம் கூடும், இன்னொன்றுக்குக் குறையும். 2010 கணக்கில் பென்சில்வேனியாவுக்கு 19 என்பது 18 ஆகக் குறைந்தது. ஆகவே தொகுதி எல்லைகளைப் புதிதாக வகுக்க வேண்டியதாயிற்று. தொகுதிக்குச் சுமார் 7 லட்சம் பேர். எல்லாத் தொகுதியிலும் ஜனத்தொகை சமமாக இருக்க வேண்டும்.

எல்லைக் கோடு போடுவது யார்? மாநில சட்டசபை! கவர்னர் கையெழுத்துப் போட்டால் அது சட்டம். (அந்த நாட்டில் கவர்னரையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்து எடுக்கிறார்கள். அவரும் கட்சிக்காரர்தான்.) 2011-ல் சட்டசபையின் இரு சபைகளும் குடியரசு கட்சியின் கையில் இருந்தன. கவர்னர் டாம் கார்பெட்டும் அதே கட்சி. கேட்பானேன்!

ஜனத்தொகையைச் சமமாக வைத்துக்கொண்டு எப்படி மோசம் செய்ய முடியும்? ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும்.

ஒரு ஊரில் 25 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுதிக்கு 5 பேர் வீதம் 5 தொகுதிகள். தென்னை கட்சிக்கு 15 பேர். மாமரக் கட்சிக்கு 10 பேர். பேனா மாமரக் கட்சியிடம் இருக்கிறது.

அவர்கள் என்ன செய்வார்கள்? தென்னைக்காரர்களில் 10 பேரை இரண்டே தொகுதிகளில் அடைத்து விடுவார்கள். அந்த இரண்டும் தென்னைக்குப் போகட்டும்! மிச்சம் இருக்கும் தென்னைக்காரர்கள் 5 பேர். அவர்களை மற்ற மூன்று தொகுதிகளில் 2, 2, 1 என்று சிதற விடுவார்கள். அங்கே மாமரத்துக்கு 3, 3, 4 ஓட்டு. மூன்று தொகுதியிலும் மாமரமே வெற்றி!

15 பேர் தோற்றார்கள். 10 பேர் ஜெயித்தார்கள். வித்தை அவ்வளவுதான்.

நாயும் வாத்தும்

பென்சில்வேனியாவின் 7-வது தொகுதி இந்த வித்தையின் உச்சி. அதன் வரைபடத்தைப் பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். டிஸ்னியின் கேலிச்சித்திரங்களில் கூஃபி என்ற நாயும் டொனால்டு என்ற வாத்தும் வரும். அந்த நாய் வாத்தை உதைப்பது போலவே தொகுதி இருந்தது! ஐந்து வட்டாரங்களின் துண்டுகளை ஒட்டுப் போட்ட தொகுதி அது. ஓர் இடத்தில் அதன் அகலம் ஒரே ஒரு மீன் உணவு விடுதியின் அளவுதான்.

சிரிப்புக்கு இடையே ஒரு கொடுமையைப் பலர் மறந்து விட்டார்கள். 2012, 2014, 2016 ஆகிய மூன்று தேர்தல்களிலும் முடிவு ஒன்றே. 13-க்கு 5! நாட்டில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கணக்கு அசையவில்லை. ஓட்டுச்சாவடி வாசலில் வரிசையில் நின்றவர்கள் எதற்காக நின்றார்கள்?

குடியரசு கட்சிதான் இப்படி என்று எண்ண வேண்டாம். மேரிலாந்து மாநிலத்தில் பேனா ஜனநாயக கட்சியிடம் இருந்தது. அங்கே 2012-ல் 8 தொகுதிகளில் 7 அந்தக் கட்சிக்கே போயின! இந்த வித்தைக்கு வயதும் அதிகம். 1812-ல் மாசசூசெட்ஸ் கவர்னராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரி, கோணல்மாணலான தொகுதிகளை வகுத்த சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு தொகுதி, சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணியாகத் தெரிந்தது. கெர்ரியையும் சாலமாண்டரையும் சேர்த்து "கெர்ரிமாண்டர்" என்று கேலி செய்தார்கள். அந்தப் பெயரே நிலைத்து விட்டது.

18 பேர் வழக்கு

2017-ல் பென்சில்வேனியா ஓட்டர்கள் 18 பேர், தொகுதிக்கு ஒருவராகச் சேர்ந்து, கோர்ட்டுக்குப் போனார்கள். தேர்தல் சுதந்திரமாகவும் சமமாகவும் நடக்க வேண்டும் என்று அந்த மாநில அரசியல் சட்டம் சொல்கிறது. அதை வைத்து வாதாடினார்கள். 2018 ஜனவரியில் மாநில சுப்ரீம் கோர்ட்டு பழைய வரைபடத்தைத் தள்ளுபடி செய்தது. பிப்ரவரியில் கோர்ட்டே புதிய வரைபடத்தை வெளியிட்டது. பழைய படம் 28 வட்டாரங்களைத் துண்டாடி இருந்தது. புதியது 13 வட்டாரங்களோடு நிறுத்திக்கொண்டது.

நவம்பரில் தேர்தல். 9-க்கு 9! அந்தத் தேர்தலுக்கு முன் பென்சில்வேனியாவின் சார்பில் காங்கிரசில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். இப்போது 4 பெண்கள் ஜெயித்தார்கள்.

குடியரசு கட்சி முணுமுணுத்தது. அந்த மாநிலத்தில் நீதிபதிகளும் தேர்தலில் நின்று வருகிறவர்களே. அன்று பெரும்பாலோர் ஜனநாயக கட்சி சார்பில் ஜெயித்தவர்கள். முணுமுணுப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. ஜனநாயக கட்சியின் ஓட்டர்கள் பிலடெல்பியா போன்ற நகரங்களில் நெருக்கமாக வாழ்கிறார்கள். நேர்மையாகக் கோடு போட்டாலும் அந்தக் கட்சிக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். அது இயற்கை. நாயும் வாத்தும் இயற்கை அல்ல!

பிறகு 2020 கணக்கில் இடங்கள் 17 ஆகக் குறைந்தன. சட்டசபையும் கவர்னரும் ஒத்துப் போகவில்லை. மறுபடியும் கோர்ட்டுதான் வரைபடத்தைத் தேர்ந்து எடுத்தது. 2022-ல் ஜனநாயக கட்சிக்கு 9, குடியரசு கட்சிக்கு 8. 2024-ல் குடியரசு கட்சிக்கு 10, மற்றதற்கு 7. ஓட்டர்கள் மனம் மாறினார்கள், இடங்களும் மாறின. தேர்தல் என்றால் இதுதானே!

கட்சிகளின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குவதே சரி. கலிபோர்னியாவில் அதைச் செய்தும் காட்டினார்கள். கோடு போடும் வேலையை 14 குடிமக்கள் கொண்ட குழுவிடம் கொடுத்தார்கள். ஆனால் 2025-ல் டெக்சாசில் குடியரசு கட்சி, ஜனத்தொகைக் கணக்குக்குக் காத்திராமல், தனக்குச் சாதகமாகப் புதுக் கோடு போட்டது. பதிலுக்குக் கலிபோர்னியாவின் ஜனநாயக கட்சியும் அதையே செய்தது. குழுவின் வரைபடத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க அந்த மாநில மக்களே நவம்பரில் ஓட்டுப் போட்டார்கள்.

அடுத்த ஜனத்தொகைக் கணக்கு 2030-ல். அதற்குப் பிறகு பென்சில்வேனியாவில் மீண்டும் கோடு போட வேண்டும். அங்கே பேனா இன்றும் சட்டசபையின் கையில்தான் இருக்கிறது.