அடகு வைக்கிற தங்கம் எங்கே பிறந்தது தெரியுமா?

ஜூன் 12, மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள். குறுவைக்கு நாற்றங்கால் தயாராகும்போதே டெல்டாவில் பல வீடுகளில் பீரோவும் திறக்கும். உழவுக்கும் உரத்துக்கும் பணம் வேண்டுமே! தோடும் சங்கிலியும் அடகுக்குப் போகும். அறுவடை முடிந்ததும் மீட்டுவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

அந்தத் தங்கத்தைச் சூரியனால்கூட உருவாக்க முடியாது. அதற்கு இன்னும் பெரிய சம்பவம் நடக்க வேண்டும். அதற்கான ஒரு முக்கியமான கணக்கைப் போட்டவருக்குத் தஞ்சையோடு உறவு உண்டு.

அவர், இயற்பியலாளர் எஸ்.சந்திரசேகர். தந்தை வழி மூதாதையர் தஞ்சை வட்டாரத்தில் விவசாயம் பார்த்தவர்கள். 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அவர் ஒரு கணக்கைப் போட்டார். எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் நிறை சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால், அதனால் தன் எடையையே தாங்க முடியாது. 1935-ல் லண்டன் கூட்டத்தில் பெரிய விஞ்ஞானி எடிங்டன் இதைக் கேலி செய்தார். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படி நொறுங்கும் நட்சத்திரம் நியூட்ரான் நட்சத்திரமாகலாம். இன்னும் கனமாக இருந்தால் கருந்துளையாகலாம். நியூட்ரான் நட்சத்திரத்தின் குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான். தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் போகும் தூரம்கூட இல்லை. ஆனால், அதில் ஒரு ஸ்பூன் அள்ளினால் எடை நூறு கோடி டன்னைத் தாண்டும்!

2017 ஆகஸ்ட் 17-ல், இப்படிப்பட்ட இரண்டு நட்சத்திரங்கள் மோதிய அதிர்வு பூமிக்கு வந்து சேர்ந்தது. மோதல் நடந்தது சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில். சிதறிய பொருளின் ஒளியை ஆராய்ந்தபோது, தங்கம் போன்ற கனமான தனிமங்கள் அங்கே உருவாவதற்கான தடயம் கிடைத்தது.

கருந்துளையோடு மோதினால்? 2020 ஜனவரியில் பத்தே நாள் இடைவெளியில் அப்படி இரண்டு மோதல்கள் பதிவாயின. ஒளி எதுவும் தென்படவில்லை. மாடு வைக்கோலைப் பிய்த்துத் தின்றால் கீழே சிதறும். அப்படியே விழுங்கினால் எதுவும் மிஞ்சாது. அந்தக் கருந்துளைகள் நட்சத்திரத்தை முழுசாக விழுங்கியிருக்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். கருந்துளை சிறியதாகவும் வேகமாகச் சுழல்வதாகவும் இருந்தால்தான் நட்சத்திரம் பிய்ந்து சிதறும்; தங்கமும் வெளியே வரும்.

இனி இப்படி வரும் அதிர்வுகளைப் பிடிக்க, மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் 'லிகோ இந்தியா' ஆய்வகத்துக்கு 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

அடுத்த முறை நகையை மீட்டு வரும்போது ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அந்தத் தங்கத்துக்குப் பூமியைவிட வயது அதிகம்!