மாத்திரையை நிறுத்திவிடலாமா?



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரி என்னிடம் வந்தார். துறைமுகத்தில் வேலை செய்யும் அவருடைய கணவருக்கு நாட்பட்ட இரத்தப் புற்றுநோய். தினமும் மாத்திரை உட்கொள்கிறார். உடல் நன்கு தேறியிருக்கிறது. "ஐயா, இத்தனை பேர் ஜெபித்திருக்கிறோமே, இனியும் மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் அனைவருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரவில் இராயபுரம் கரையில் நின்றால், தொலைவில் கப்பல்களின் விளக்குகள் தெரியும். துறைமுகத்திலிருந்து அனுமதி வரும்வரை அவை நங்கூரமிட்டுக் காத்திருக்கின்றன. நம் எலும்பு மஜ்ஜையின் அணுக்களும் அப்படியே. வளரும்படி உடல் செய்தி அனுப்பினால்தான் பெருகும். ஆனால் சிலவகை இரத்தப் புற்றுநோய்களில், அணு தனக்கு வேண்டிய வளர்ச்சிப் பொருளைத் தானே சுரந்து, தானே ஏற்றுப் பெருகுகிறது. அந்தச் சகோதரருக்கு வந்துள்ள வகையில், 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் பிறழ்ந்த புரதம் ஒன்று உண்டாகிறது. அது வெளியிலிருந்து வரும் கட்டளைக்குக் காத்திராமல், பெருகும்படி உள்ளிருந்தே ஓயாமல் ஏவுகிறது.

2001இல் பயன்பாட்டுக்கு வந்த இமாட்டினிப் என்னும் மாத்திரை அந்தப் புரதத்தின் வாயை அடைக்கிறது. ஆனால் நோயுற்ற அணுக்கள் அனைத்தையும் அது வேரோடு களைந்துவிடுவதில்லை. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் அந்த ஏவல் மீண்டும் தொடங்கக்கூடும்.

இம்மாத்திரை எளியோருக்கு எட்டியதும் சிறிய காரியமன்று. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலையிருந்தபோது, இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைச் சுமார் 8,000 ரூபாய்க்குக் கொடுத்தன. இம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையை 2006இல் நம் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. இப்படிக் கைக்கு வந்து சேர்ந்த நன்மையை விசுவாசத்தின் பேரால் தட்டிவிடுவது தகுமா? பவுலோடு பயணம்செய்த லூக்கா ஒரு வைத்தியர் அல்லவா?

நோயுற்றவரைக் குற்றப்படுத்த நான் இதை எழுதவில்லை. அந்தப் பிறழ்வு அவர் செய்த பாவமன்று. என் அச்சம் வேறு. மருத்துவரையும் கேளாமல், சபையையும் கேளாமல், "மாத்திரையை எறிந்துவிடு, கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று ஆலோசனை கூறுகிறவர்கள், தங்கள் சத்தத்தையே தேவனுடைய சத்தமென்று எண்ணிக்கொள்கிறார்களோ? தன் ஏவலை மட்டும் கேட்கும் அணு முழு உடலையும் அழிக்கிறது. சபையும் ஒரு சரீரமே.

ஆகையால் ஜெபிப்போம், மாத்திரை வேளையையும் நினைப்பூட்டுவோம். இரண்டும் விசுவாசமே.

கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.