கம்ப்யூட்டர் பாஷையும் பாமரப் பிள்ளைகளும்

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் வித்தை தனிப்பட்ட மூளை படைத்தவர்களுக்கே வரும் என்றும், கணிதத்தில் கரை கண்டவர்களுக்கன்றி மற்றவர்களுக்கு எட்டாது என்றும் ஓர் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றி இருந்து வருகின்றது. பிள்ளையைப் பெற்றவர்களும் "அதெல்லாம் நம் பிள்ளைக்கு வருமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்து விடுகின்றார்கள். இதற்கு ஏதாவது ஆதாரமுண்டா என்று யோசித்துப் பார்ப்போம்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் நிலைமை இப்படித்தான் இருந்தது. கட்டளைகளை அட்டைகளில் துளையிட்டு, இயந்திரத்தைக் காப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்து ஓடியவர்களைப் பார்த்துத்தான் "இவர்களுக்கு மூளை போதாது" என்று சொல்லப்பட்டது.

டார்ட்மத் காலேஜில் கணிதம் போதித்த ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இருவர் இதை ஒப்பவில்லை. அவர்களுடைய மாணவர்களில் பெரும்பாலோர் சயின்ஸ் படியாதவர்கள். அவர்களுக்கென்றே 1964-ல் 'பேசிக்' என்னும் எளிய பாஷையை உண்டாக்கினார்கள். அதற்கு முன்பிருந்த 'பார்ட்ரான்' பாஷையில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுவதற்கு எண்களை வரிசையாக எழுதி, எது தொடக்கம், எது முடிவு, எது இடைவெளி என்று மனப்பாடம் செய்ய வேண்டும். பேசிக்கிலோ "1 முதல் 10 வரை, இரண்டிரண்டாக" என்று பேசுகிறபடியே எழுதினால் போதும். அதோடு, புத்தகசாலைக்குள் நுழைவதுபோல் மாணவர் எவரும் காசு கொடாமல் இயந்திரத்தண்டை உட்காரலாம் என்றும் ஏற்பாடு செய்தார்கள். சரித்திரம் படித்தவனும் இலக்கியம் படித்தவனும் வந்து எழுதினார்கள். அவர்களுக்கு ஒரே நாளில் புது மூளையா முளைத்துவிட்டது? பூட்டியிருந்த கதவு திறக்கப்பட்டது, அவ்வளவுதான்.

1967-ல் சேமர் பேப்பர்ட், வாலி ஃபொயர்ட்ஸைக், சிந்தியா சாலமன் முதலியோர் சிறுபிள்ளைகளுக்கென்று 'லோகோ' என்னும் பாஷையைச் செய்தார்கள். பிறகு அதில் ஓர் ஆமை சேர்ந்தது. "100 முன்னே போ, 90 டிகிரி வலப்புறம் திரும்பு" என்று நான்கு முறை சொன்னால் ஆமை சதுரம் போடும். முக்கோணம் போட நினைக்கும் பிள்ளை, பள்ளியில் படித்ததை நம்பி, 60 டிகிரி திரும்பச் சொல்லுவான். முக்கோணம் வராது. ஆறு முறை செய்தால் அறுகோணமே வரும். ஏன் என்று யோசிக்கிறான். சுற்றி வந்து பழைய திசையைப் பார்க்க ஆமை மொத்தம் 360 டிகிரி திரும்ப வேண்டும். திருப்பம் மூன்றென்றால் ஒவ்வொன்றும் 120 என்று தானே கண்டு கொள்ளுகின்றான். பிரம்பும் வேண்டியதில்லை, "பெரியவர் சொன்னார்" என்ற சாட்சியும் வேண்டியதில்லை. கட்டளை சரியா தப்பா என்பதை ஆமையே காட்டி விடுகின்றது. பிள்ளைக்கு இதைவிட நல்ல பகுத்தறிவுப் பாடம் வேறு எது?

இதற்கு ஆட்சேபணை இல்லாமல் இல்லை. டைக்ஸ்ட்ரா என்னும் நெதர்லாந்து தேசத்துப் பேரறிஞர், பேசிக்கில் பழகியவர்களைத் திருத்தவே முடியாதபடி அவர்கள் மூளை கெட்டுப் போகிறது என்று 1975-ல் எழுதினார். கட்டளைகள் இங்குமங்கும் தாவும் பழக்கத்தை அந்தப் பாஷை உண்டாக்கியது மெய்தான். ஆனால் அதற்குப் பரிகாரம் பாஷையைத் திருத்துவதா, பிள்ளைகளை வெளியே தள்ளுவதா? கெமெனியும் கர்ட்ஸுமே 1980-களில் 'ட்ரூ பேசிக்' என்று திருத்திய பாஷையைக் கொடுத்தார்கள். 2007-ல் வெளிவந்த 'ஸ்க்ராட்ச்' பாஷையிலோ கட்டளைகளைக் கட்டைகள்போல் பொருத்தினால் போதும். எழுத்துப் பிழைக்கே இடமில்லை.

நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றுண்டு. பேசிக்கின் சொற்கள் இங்கிலீஷ்காரப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சு. நம் பிள்ளைக்கோ இரட்டைச் சுமை. தமிழ்ச் சொற்களைக் கொண்டே 'எழில்' என்று ஒரு பாஷை செய்யப்பட்டிருக்கின்றது. அதில் 'பதிப்பி' என்றால் திரையில் காட்டும். 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்பவைகளே கட்டளைகள். இதோடு நின்றுவிடச் சொல்லவில்லை. முதற்படி நம் வீட்டு வாசலில் இருந்தால் மேற்படிகளில் தானாகவே ஏறலாம் என்றுதான் சொல்லுகின்றோம்.

ஆதலால் பெற்றோரும் ஆசிரியர்களும், பிள்ளைகளை இங்கிலீஷ் வரிகளை நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் கக்கச் செய்வதை விட்டு, எளிய பாஷை ஒன்றைக் கையில் கொடுத்து, தவறு செய்யவும் தாமே திருத்தவும் விட வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம். வராது என்று சொல்லுவதற்கு முன் கதவைத் திறந்து பார்த்தோமா என்பதே நமது கேள்வி.