துக்க வீட்டுக்கு ஒரு தொலைபேசி எண்தானா?

மனம் உடைந்தவர்கள் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்துக்கொள்ளட்டும் என்று அரசு விட்டுவிட்ட முடிவை எத்தனை முறை கண்டித்தாலும் தகும். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். நள்ளிரவில் தனியாகத் தவிக்கும் ஒருவருக்கு அது உயிர் காக்கும். ஆனால், ஊரே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போதும் அதே எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு நகர்வதை எப்படி ஏற்பது?

2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் திருமானூர் வட்டாரத்து விரகாலூரில் நாட்டு வெடி ஆலை வெடித்துச் சிதறியது. செத்தவர்கள் குடும்பத்துக்கு 3 லட்சம், படுகாயத்துக்கு 1 லட்சம் என்று அன்றே அறிவித்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் சொந்தபந்தம் அவரவர் ஊருக்குக் கிளம்பிவிடும். வீடு வெறிச்சோடுவது அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டு நவம்பர் 12 தீபாவளி. ஐந்து வாரம்கூட ஆகவில்லை. தெருவெங்கும் வெடிச் சத்தம். அந்த வீடுகளில் பிள்ளைகள் எங்கே போய்க் காதைப் பொத்தியிருப்பார்கள்? அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். போனை எடுத்து, மொழிக்கு ஓர் எண்ணை அழுத்தி, முகம் தெரியாத ஒருவரிடம் முதலிலிருந்து கதை சொல்லும் தெம்பு இருந்தால், அவர்களுக்குப் பாதி உதவியே தேவைப்படாதே. சோறு இறங்காமல் சுருண்டு கிடப்பவர் அழைக்கமாட்டார். குடித்துவிட்டுத் திண்ணையில் விழுந்து கிடப்பவரும் அழைக்கமாட்டார். அவர்களைத் தேடித்தான் போக வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இதே வட்டாரத்துத் திருமழபாடியிலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அரியலூருக்குப் பஸ் ஏறி, “பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போறா” என்ற பேச்சையும் வாங்கிக்கொண்டு எந்தத் தாய் போவாள்?

ஆட்சியாளர்களுக்கு இந்த அலட்சியம் புதிதல்ல. 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரைகளைப் பிரித்தார்கள், சரி. பெற்றோரின் மனத்தை யார் பார்த்தார்கள்? அதே ஆண்டு சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவன நிபுணர்கள் உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பிக் காட்டினார்கள். அதை நிரந்தர ஏற்பாடாக்கும் அக்கறை யாருக்கும் வரவில்லை. பேரிடரில் மனநல உதவிக்கென்று 2009-இல் தேசிய வழிகாட்டுதலே வந்தது. அது கிராமத்துக்குள் கால் வைக்கவில்லை. 2017 செப்டம்பரில் நீட் தேர்வால் மனமுடைந்த மாணவி குழுமூர் அனிதாவைப் பறிகொடுத்தது இதே மாவட்டம். அப்போதாவது விழித்தார்களா? அதன்பிறகும் நீட் எழுதிய பிள்ளைகளுக்குப் போனில் ஆலோசனை என்பதைத்தான் பெரிய ஏற்பாடாகச் சொன்னார்கள். இருபதாண்டாக ஒவ்வொரு சாவுக்கும் காசோலையோடு கைகழுவியவர்கள், இப்போது அதோடு ஓர் எண்ணையும் சேர்த்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் நிர்வாகமல்ல, கைவிடல்.

மேட்டூர் அணை நிரம்பினால் கொள்ளிடக் கரையில் ஒலிபெருக்கி கட்டி எச்சரிக்கத் தெரிகிறது. 2018-இலும் 2024-இலும் பார்த்தோம். ஆற்று நீருக்குக் காட்டும் அந்த முனைப்பு மனிதத் துயரத்துக்கு ஏன் இல்லை? கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர் என ஊரறிந்த முகங்கள் இருக்கின்றன. அவர்களைப் பழக்கி, ஊதியம் கொடுத்து, துக்க வீடுகளுக்கு மாதக்கணக்கில் போய்வர வைக்கும் வழியை அரசு கண்டாக வேண்டும். அடுத்த விபத்து நடந்த பிறகு கூட்டம் போட்டு யோசிப்பதாக இருந்தால், இந்த வட்டாரத்து மக்கள் அதை மன்னிக்க வேண்டியதில்லை.