கரண்டும் ஒளியும்

தாராவியிலிருந்து பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்குச் செல்லும் தமிழர், கதிர்வீச்சு சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்பர். இந்தியில் அது ‘சிகாயி’, அதாவது ஒத்தடம். உடலுக்கு நேர்வதை நோயாளி தன் மொழியில் பற்றிக்கொண்ட சொற்கள் அவை, அவற்றில் குறையில்லை. ஆனால் ஒளி இயக்கச் சிகிச்சையையும் அதே சொல்லுக்குள் அடைத்துவிட்டால் ஆபத்து.

இச்சிகிச்சையில் ஒளி எதையும் சுடுவதில்லை. முதலில் ஒளியுணர் மருந்து ஒன்று உடலில் ஏற்றப்படுகிறது. குறிப்பிட்ட நிற ஒளி பட்டதும் அது திசுவிலுள்ள ஆக்சிஜனை வீரியமாக்க, புற்றுச் செல்கள் சிதைகின்றன. கதை இங்கே முடிந்ததாகவே பலரும் எழுதுகின்றனர். 1996இல் கோர்பெலிக் குழுவினர் வெளியிட்ட எலி ஆய்வு வேறொன்றைச் சொன்னது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றாத எலிகளில் கட்டி மறைந்தது, திரும்பவில்லை. பிறவியிலேயே அவ்வாற்றல் அற்ற எலிகளிலும் கட்டி மறைந்தது. ஆனால் மீண்டும் முளைத்தது. ஒளி அதே ஒளிதான்!

சிதையும் செல், கால்ரெட்டிகுலின் என்னும் புரதத்தைத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. காவல் செல்கள் அதைக் கண்டு அச்சிதைவை விழுங்கி, புற்றின் அடையாளத்தை டி செல்களுக்கு அறிவிக்கின்றன. மனிதரில் இவ்விளைவு எவ்வளவு வலியது என்பது இன்னும் ஆய்வில் உள்ளது. எனினும் ஒளியுணர் பொருளை எதிர்ப்புரதத்தோடு இணைத்த மருந்தொன்றுக்குத் தலை, கழுத்துப் புற்றுக்காக ஜப்பான் 2020இல் ஒப்புதல் அளித்துவிட்டது.

ஒளியையும் எதிர்ப்பாற்றலையும் இணைத்து ஆராய மும்பையைவிடப் பொருத்தமான ஊர் அரிது. புகையிலையும் குட்காவும் தரும் வாய்ப்புற்று இங்கே மிகுதி. ஒளி எளிதில் எட்டும் இடம் வாய். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்தே, முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகளில் ஓராண்டு உயிர்வாழ்வோர் விகிதத்தை 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக டாடா மருத்துவர்கள் உயர்த்திக் காட்டினர். விலைக்கு அஞ்சுவோரின் ஊரில் பிறந்த ஆய்வு அது.

அத்தகைய ஆய்வு வருமானால், ஒப்புதல் படிவத்தின் தமிழ் முதலில் சரியாக வேண்டும். ‘கரண்ட்’ என்று கேட்டவர், அறையைவிட்டு வெளியேறியதும் எல்லாம் முடிந்தது என்றே எண்ணுவார். சில ஒளியுணர் மருந்துகளோ தோலில் வாரக்கணக்கில் தங்கும். வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். காலையில் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி ஏற்றி மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் செல்பவருக்கு அது அத்தனை வாரக் கூலி. கையெழுத்திடும் முன்பே அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.