களியக்காவிளையோடு நின்றுவிடும் நம் நெசவு ஆய்வுகள்

மொராக்கோவின் ஃபெஸ் நகரைப் பற்றி நம் மாணவர்கள் ஆர்வத்துடன் படிக்கின்றனர். 1981இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற அந்நகரின் தோல் பதனிடும் தொட்டிகளைப் படத்திலேனும் காணாதவர் குறைவு. 9ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவிலிருந்தும் கைரவானிலிருந்தும் குடிவந்தோரின் பெயரையே அதன் இரு பழம்பகுதிகளும் இன்றளவும் தாங்கி நிற்கின்றன.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் செல்லும் சாலையில் பாலராமபுரம் இருக்கிறது. மன்னர் பாலராமவர்மர் காலத்தில் (1798–1810) அரண்மனைக்குத் துணி நெய்யத் தமிழ்ச் சாலியர் குடும்பங்கள் இங்கு அழைத்துவரப்பட்டன. ஊருக்கு வாய்த்தது மன்னர் பெயர். நெசவாளருக்கு வாய்த்தவை ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு.

இங்குத் தெருவே தொழிற்கூடம். வெயில் ஏறுமுன் பாவினைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சியும் தேங்காயெண்ணெயும் ஏற்றி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதவாறு நார்த்தூரிகையால் நீவிவிடுவர். மழை பிடித்துக்கொண்டால் அன்றைய உழைப்பு வீண். பின்னர்க் குழித்தறியில் நாடாவைக் கையால் எறிந்து நெய்யப்படும் துணி, முன்பின் வேறுபாடின்றி இருபுறமும் ஒரே தோற்றம் தரும். புளியிலைக்கரை முண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர்க்கே இதன் அருமை விளங்கும். புவிசார் குறியீடும் இத்துணிக்கு உண்டு. எனினும் விசைத்தறிப் போலிகள் அதே பெயரில் விற்கின்றன. பிள்ளைகள் குழியில் இறங்க மறுக்கின்றனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை, கூலி அத்தகையது.

என் மனக்குறை நம்மீதுதான். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் நம் கைத்தறி ஆய்வுகளும் பெரும்பாலும் களியக்காவிளையோடு திரும்பிவிடுகின்றன. ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேசியபோது, "இது கேரளத் துறையினர் செய்யவேண்டியதன்றோ?" என்றார் ஒரு மூத்த பேராசிரியர். மறுபுறத்திலோ, கசவுப் புடவை ஓணத்தின் அடையாளமாக விளம்பரத்தில் மின்னுகிறது. அதை நெய்தவர் வீட்டில் பேசிய மொழி அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. தறியின் உறுப்புகளுக்கும் பாவின் கேடுகளுக்கும் அம்முதியோர் வழங்கும் சொற்களில் தமிழும் மலையாளமும் பிரித்தறிய இயலாதபடி பின்னிக் கிடக்கின்றன. ஒரு மொழித்துறை மட்டும் தனித்து எழுதிவிடக்கூடிய அகராதி அன்று அது. இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்தே தொகுக்கவேண்டும். அதுவும் அம்முதியோர் உள்ளபோதே.

வரும் விடுமுறையில் ஒலிப்பதிவைத் தொடங்கவிருக்கிறேன். மலையாளமும் அறிந்த மாணவர் எவரேனும் உடன்வர விரும்பினால் எழுதுக. விடியுமுன் தெருவில் இருக்கவேண்டும், பாவு காத்திருக்காது.